விண்ட்ஷீல்டு கழலுமா? கழற்றினால் என்ன மிஞ்சும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் பைக்குகளைப் பற்றி எழுதும்போது என்ஜின் சி.சி., குதிரைத்திறன், டார்க், மைலேஜ், சீட் உயரம் எல்லாம் அட்டவணையாக வந்துவிடுகின்றன. நாள் முழுக்க ஓட்டுபவரின் மார்பிலும் கழுத்திலும் மோதும் காற்றைப் பற்றி மட்டும் எதுவும் இருப்பதில்லை. 'விண்ட்ஷீல்டு உண்டு' என்ற இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, கன்னியாகுமரி என்று கிளம்புகிறவருக்கு அந்த இரண்டு சொல் போதாது. ஷீல்டு வண்டியின் எந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எப்படிக் கழலும், கழற்றிய பிறகு என்ன மிஞ்சும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் டூரிங் வண்டி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதழில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காற்றின் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் தலை, தோள், மார்பு எல்லாம் சேர்ந்து சுமார் 0.4 சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டுகின்றன. 40 கி.மீ. வேகத்தில் அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 3 கிலோ. 80-இல் அது 12 கிலோ. 100-ஐத் தொட்டால் 18 கிலோவுக்குப் பக்கம். விழுப்புரம் தாண்டுவதற்குள் கழுத்தும் தோள்பட்டையும் கடுக்க ஆரம்பிப்பதற்கு சீட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த 12 கிலோவை எதிர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். காது இன்னொரு பக்கம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். நீண்ட பயணம் போகிறவர்கள் ஷீல்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது.

இதே கணக்குதான் நகரத்துக்குள் ஷீல்டு வேண்டாம் என்றும் சொல்கிறது. அண்ணா சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் 30, 40-இல் ஊர்ந்து போகும்போது தடுக்க வேண்டிய காற்றே இல்லை. இருக்கிற கொஞ்சக் காற்றையும் ஷீல்டு மறித்துவிட்டால், கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்பவருக்கு மார்பில் வியர்வை காயாது. என்ஜின் சூடும் மேலே வந்து தேங்கும். ஐரோப்பாவில் குளிருக்காக மாட்டுகிற ஷீல்டை அப்படியே இங்கே ஆண்டு முழுக்க மாட்டிக்கொள்வதில் பொருளில்லை. வார நாளில் அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறை வெளியூருக்கும் ஒரே வண்டியை ஓட்டுகிற சென்னைக்காரருக்கு, தேவையானபோது மாட்டித் தேவையில்லாதபோது கழற்றுகிற ஏற்பாடுதான் சரி.

'கழற்றக்கூடியது' என்று ஷோரூமில் சொல்லும்போது மூன்று வெவ்வேறு பொருளைச் சொல்கிறார்கள். ஒன்று, ஹார்லி டேவிட்சனின் ரோட் கிங், ஹெரிடேஜ் கிளாசிக் வண்டிகளில் உள்ளதைப் போல, ஸ்பானர் எதுவும் இல்லாமல் கையாலேயே தாழை விடுவித்து ஷீல்டை மேலே தூக்கி எடுப்பது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஒட்டி நிற்கும் குமிழ்களில் ஷீல்டின் கைகள் ரப்பரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதே நிறுவனத்தின் ஸ்போர்ட் கிளைடில் சின்ன ஃபேரிங்கையே, அதாவது முன்பக்க உறையையே, இப்படிக் கழற்றிவிடலாம். இரண்டாவது, ஆலன் கீ எடுத்து நான்கு போல்ட்டைக் கழற்றிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் எடுப்பது. நம் ஊரில் அதிகம் புழங்குவது இந்த வகைதான். மூன்றாவது, கழற்றலாம், ஆனால் ஹெட்லைட் பிராக்கெட்டைத் தளர்த்த வேண்டும், இண்டிகேட்டரை இடம் மாற்ற வேண்டும், வயரைப் பிரிக்க வேண்டும் என்பது. மூன்றாவதைக் கழற்றக்கூடியது என்று சொல்வதே தவறு. அதை வாங்குகிறவர் முதல் மாதத்துக்குப் பிறகு கழற்றவே மாட்டார்.

ஃபேரிங்கையும் ஷீல்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். போன்ற வண்டிகளில் ஹெட்லைட், மீட்டர், வயரிங் எல்லாம் ஃபேரிங்கோடு சேர்த்தே அமைக்கப்பட்டவை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை மட்டும் எடுக்கலாம். ஃபேரிங்கை எடுத்துவிட்டு ஓட்ட முடியாது. ராயல் என்ஃபீல்டு மீடியோர் 350 சி.சி. வண்டி 2020-இல் வந்தபோது சூப்பர்நோவா ரகத்துக்கு ஷீல்டு தொழிற்சாலையிலேயே மாட்டி வந்தது; மற்ற ரகங்களில் துணைக்கருவியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 2023-இல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீடியோர் 650-இல் செலஸ்டியல் ரகத்துக்கும் ஷீல்டு தொழிற்சாலையிலேயே மாட்டி வந்தது. இந்த இரண்டிலும் ஷீல்டை எடுத்தாலும் வண்டி முழுமையான க்ரூஸராகவே நிற்கும். பஜாஜ் அவெஞ்சர் க்ரூஸ் 220-உம் இதே வழியில் வந்த வண்டி. நகரம், நெடுஞ்சாலை இரண்டுக்கும் ஒரே வண்டி தேடுகிறவர்கள் இந்தக் குடும்பத்திலிருந்து தொடங்குவதே நல்லது. 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீடியோரைத் தினமும் வடபழனி நெரிசலில் உருட்ட முடியுமா என்பதை மட்டும் தனியாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத, ஆனால் உயிரோடு தொடர்புள்ள விஷயம்: ஷீல்டு எதில் நிற்கிறது?

ஹேண்டில்பாரிலோ ஃபோர்க்கிலோ மாட்டும் ஷீல்டு, ஹேண்டிலைத் திருப்பும்போது கூடவே திரும்பும். வண்டியின் சட்டகத்தில் மாட்டும் ஷீல்டு திரும்பாது. 45 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு ஷீல்டு 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 6 கிலோ விசையை வாங்கிக்கொள்ளும். சட்டகத்தில் நிற்கும் ஷீல்டு அதை வண்டியின் உடலுக்குக் கொடுத்துவிடும். ஹேண்டிலில் நிற்பதோ நேராக ஸ்டீயரிங்குக்கே கொடுக்கும். காற்று நேர் எதிரே வரும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதுதான் தெரியும். ஷீல்டின் ஒரு பாதியில் அழுத்தம் கூடி மறு பாதியில் குறையும்; ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பகுதியில் காற்றாலைகள் எதற்காக நிற்கின்றன என்று யோசித்தால் போதும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் காற்று அங்கே சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றை வாங்கும் பொள்ளாச்சி, உடுமலை பக்கமும் அதே கதை. பாம்பன் சாலைப் பாலத்தில் மறைப்பே கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகல் கடற்காற்று கிளம்பிவிட்டால், புதுச்சேரி போகும்போது இடப்பக்கத்திலிருந்தும் திரும்பி வரும்போது வலப்பக்கத்திலிருந்தும் தள்ளும். இந்தச் சாலைகளில் உயரமான ஷீல்டை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பின்னால் டாப் பாக்ஸில் பத்துக் கிலோ சாமானையும் ஏற்றிக்கொண்டு போவது ஆபத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். டாப் பாக்ஸ் எடை முன் சக்கரத்தை லேசாக்கும். ஷீல்டு ஹேண்டிலை ஆட்டும். இரண்டும் சேர்ந்தால் வண்டி நெளிய ஆரம்பிக்கும். அப்படி நெளிந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவோ முன் பிரேக்கை அழுத்தவோ கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் குறைத்து, முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்து, வேகம் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.

சட்டகத்தில் மாட்டிய ஷீல்டு வேண்டும் என்பவர்கள் பழைய வண்டிச் சந்தையில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411-ஐப் பார்க்கலாம். அதில் ஹெட்லைட்டும் ஷீல்டும் சட்டகத்தோடு நிற்பவை. ஹேண்டில் திரும்பினாலும் அவை அசையாது. அதே என்ஜினோடு 2022-இல் வந்த ஸ்க்ராம் 411-இல் ஹெட்லைட் ஃபோர்க்குக்கு வந்துவிட்டது, உயரமான ஷீல்டு கிடையாது. நகர ஓட்டத்தில் ஸ்க்ராமின் முன்பக்கம் லேசாக இருக்கும். தென்மாவட்டக் காற்றில் ஹிமாலயன் நிதானமாகப் போகும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நான் மேலே எழுதிய பாராவெல்லாம் ஐந்து நிமிடத்தில் கைக்குப் புரிந்துவிடும்.

உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பெரிய ஷீல்டு நல்ல ஷீல்டு என்று நினைத்து வாங்குகிறார்கள். ஷீல்டின் வழியாகப் பார்க்கக் கூடாது, அதன் விளிம்புக்கு மேலே பார்க்க வேண்டும் என்பதே விதி. காரில் இருப்பதைப் போல வைப்பர் இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவில் எதிரே லாரி வந்தால், ஷீல்டில் நிற்கும் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காக எரியும்; சாலையே தெரியாது. பழைய ஷீல்டில் விழுந்திருக்கும் கீறல்களும் அதே வேலையைச் செய்யும். அதனால் கருப்புச் சாயம் ஏற்றிய உயர ஷீல்டைக் கடைக்காரர் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு உயரம் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். வண்டியை நிமிர்த்தி, ஹெல்மெட் போட்டு, வழக்கம்போல உட்காருங்கள். இன்னொருவர் தரையிலிருந்து உங்கள் கண் வரை டேப்பால் அளக்கட்டும். 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஷீல்டின் விளிம்பு கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 15 மீட்டர் தள்ளியுள்ள சாலை, ஷீல்டின் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டுமானால், அந்த விளிம்பு கண் மட்டத்துக்கு 6 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 11 மீட்டர் தூரத்துச் சாலையே தெரியும். ஆகவே 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். நம் மூக்கு நுனியை ஒட்டி வரும். வாங்கும் முன் அட்டைப்பெட்டி ஒன்றை அந்த உயரத்துக்கு வெட்டி, நின்ற வண்டியில் டேப் போட்டு ஒட்டிப் பார்த்துவிடுங்கள். விளிம்பில் பட்டுச் சாய்வாக மேலே ஏறும் காற்று, தலைக்கு வரும்போது விளிம்பைவிட உயரத்தில் இருக்கும். அதனால் கண்ணுக்குக் கீழே விளிம்பு இருந்தாலும் ஹெல்மெட்டின் பெரும்பகுதிக்கு மறைப்புக் கிடைத்துவிடும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கும் 180 உள்ளவருக்கும் ஒரே ஷீல்டு பொருந்தாது. 'எல்லாருக்கும் இதுதான் சார் போகுது' என்று கடையில் சொன்னால், அது உங்களுக்கான அளவு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேகம் 80 கி.மீ. நம் ஷீல்டு 80-இல் சரியாக வேலை செய்தால் போதும். 140-இல் போகும் வெளிநாட்டு ஓட்டுநருக்காக வடிவமைத்த பெரிய ஷீல்டு இங்கே வெறும் சுமை.

டெஸ்ட் ரைடில் 60-இலும் 80-இலும் தனித்தனியாகக் கவனியுங்கள். ஹெல்மெட் படபடவென்று ஆடினால் அதற்குக் காரணம் காற்று அதிகமாக வருவது இல்லை. குழம்பிய காற்று தலையில் படுவது. ஷீல்டின் விளிம்பைத் தாண்டும் காற்று சீராகப் போகாமல் சுழல் சுழலாக உடைந்து சரியாக ஹெல்மெட் இருக்கும் இடத்தில் வந்து விழுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆளில்லாத நேர் சாலையில், சீரான வேகத்தில், உடம்பை 5 சென்டிமீட்டர் நிமிர்த்துங்கள். இரைச்சலும் ஆட்டமும் குறைந்தால் தலைக்கு மேலே சுத்தமான காற்று இருக்கிறது. ஷீல்டைத் தாழ்த்த வேண்டும் அல்லது குட்டையாக்க வேண்டும். குனிந்தால் குறைகிறதென்றால் உயர்த்த வேண்டும். இரண்டிலும் குறையவில்லையென்றால் காற்று கீழிருந்து வருகிறது. ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகி, டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் காற்றை மேலே உறிஞ்சும். ஷீல்டின் அடிப்பகுதிக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் முன்னிருந்து கொஞ்சம் காற்று உள்ளே வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும், ஆட்டம் அடங்கும். அடியில் ரப்பர் வைத்து ஒரு பொட்டுக் காற்றும் வராமல் அடைப்பவர்கள் தொந்தரவைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

கம்பளி நூலை 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி ஷீல்டின் விளிம்பிலும் ஹெல்மெட்டிலும் தோளிலும் டேப்பால் ஒட்டி, பக்கத்துக் காரிலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் துல்லியமாகத் தெரியும். நூல் பின்னால் நேராகப் பறந்தால் காற்று சுத்தம், துடித்தால் குழப்பம், முன்னோக்கி மடங்கினால் உறிஞ்சல். பத்து ரூபாய் நூலில் முடிகிற சோதனை இது. இரண்டாவது ஷீல்டு வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

பின்னால் உட்காருபவரை மறந்துவிடுகிறோம். பில்லியன் சீட் உயரமாக இருப்பதால், நம் தலைக்கு மேலே ஏறிப்போகும் காற்று அவர் முகத்தில் விழுகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் டெஸ்ட் ரைடில் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள்.

இனி பொருள். ஷீல்டு என்றால் கண்ணாடி இல்லை. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், சுலபத்தில் கீறாது, ஆனால் கல் பட்டாலோ வண்டி சாய்ந்தாலோ கூர்மையான சில்லாக உடையும். பாலிகார்பனேட் உடையாது, வளையும். ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லையென்றால் ஆறு மாதத்தில் கீறி மங்கிவிடும். மணல் லாரியும் ஜல்லி லாரியும் முன்னால் போகிற நம் சாலைகளுக்குப் பூச்சு போட்ட பாலிகார்பனேட்தான் ஏற்றது. உயர ஷீல்டுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன் நல்லது, குட்டைக்கு 3 போதும். 2 மில்லிமீட்டர் தகடு 80-இல் மடங்கிப் படபடக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பொதுப் பொருத்தமாக விற்பவை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். வெர்னியர் காலிப்பரை எடுத்துப் போய்த் தடிமனை அளந்து, ஓரங்கள் மழுங்கத் தேய்க்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். கூரான ஓரம் விபத்தில் கத்தி.

பாலிகார்பனேட்டுக்கு எதிரிகள் பல. பெட்ரோல், பிரேக் ஆயில், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர் இவை பட்டால் வெள்ளை வெள்ளையாக நுண்விரிசல் ஓடும். பூச்சி ஒட்டிக் காய்ந்திருந்தால் ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பொடியன் அழுக்குத் துணியோடு உதவிக்கு வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

மாட்டுவதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லா மெக்கானிக்கும் செய்வது: அதிக இறுக்கம். பிளாஸ்டிக் வெயிலில் விரியும். 45 சென்டிமீட்டர் அகல பாலிகார்பனேட் ஷீல்டு, அதிகாலைக் குளிர்ச்சிக்கும் வெயிலில் நிறுத்திய சூட்டுக்கும் நடுவே 30 டிகிரி மாறினால், சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் இல்லையென்றால் போல்ட் துளையிலிருந்து விரிசல் தொடங்கும். அதனால் துளை போல்ட்டைவிட ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். தகட்டுக்கு இருபுறமும் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வேண்டும். எம்5 போல்ட்டைக் கையால் இறுக்கி, ஆலன் கீயால் மேலும் அரைச் சுற்று, அவ்வளவுதான். ஹேண்டில்பார் கிளாம்ப்பின் எம்6 போல்ட்டுக்கு, கிட்டோடு வரும் தாளில் இறுக்கத்தின் அளவு சொல்லியிருந்தால் அது. இல்லையென்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். முதல் 50 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். போல்ட் தளராமல் இருக்கப் போடும் த்ரெட் லாக்கர் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். அது பாலிகார்பனேட்டில் பட்டால் சில நாளில் விரிசல் விடும். பலருக்கு இது தெரியாததால் 'கம்பெனி சரக்கே மட்டம்' என்று பழி போடுகிறார்கள்.

மாட்டியதும் ஹேண்டிலை முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்புங்கள். கிளாம்ப் டேங்கில் இடிக்கக் கூடாது. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் எதிலும் சிக்கி இழுபடக் கூடாது. என்ஜின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம்) ஏறுகிறதா? ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே யூ டர்ன் போட்டால் வண்டி தானாகப் பாயும். இதைச் சரிசெய்யாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். கூடவே முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்ல ஆட்டி, நடுவில் பள்ளத்தில் விழுவதைப் போலத் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங், தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் ஹேண்டிலில் ஷீல்டு மாட்டவே கூடாது. பழி ஷீல்டின் மேல் விழும், குற்றவாளி கோன் செட்டாக இருக்கும்.

கடற்கரை ஊரில் இருக்கிறோம். திருவான்மியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்கள் வண்டியில் ஜிங்க் பூசிய இரும்பு போல்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் அது அலுமினியக் கிளாம்ப்போடு சேர்ந்து உப்புக் காற்றில் இறுகிக்கொள்ளும். கழற்றும்போது தலை முறியும். மாட்டும்போதே மரையில் ஆன்ட்டி சீஸ் கிரீஸ் ஒரு பொட்டு தடவிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. தடவிய போல்ட்டை மேலே சொன்ன அளவின் கீழ்ப்பக்கத்திலேயே நிறுத்துங்கள். கழற்றாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டை அசைத்து வையுங்கள்.

கழற்றிய பிறகு மிஞ்சுவதைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை. சிலவற்றில் குமிழ் மட்டும் இருக்கும், பார்வைக்குத் தெரியாது. சிலவற்றில் ஒரு சாண் நீளக் கம்பி இரண்டு பக்கமும் கொம்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும், கடகடவென்று ஆடும், விழுந்தால் ஓட்டுபவரையே குத்தும். அந்தக் கம்பியையும் சேர்த்துக் கழற்ற எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கழற்றிய ஷீல்டை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்விதான். ஃபிளானல் பையில் போட்டு, நிழலில், செங்குத்தாக நிறுத்த வேண்டும். பீரோவுக்கு மேலே படுக்கப்போட்டு அதன் மேல் சூட்கேஸ் வைத்தால் வளைவு போய்விடும், திரும்பத் துளையில் உட்காராது. கருவியில்லாமல் கழல்வது திருடனுக்கும் கருவியில்லாமல் கழலும் என்பதையும் நினைவில் வையுங்கள். எழும்பூரிலோ தாம்பரத்திலோ ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்கில் வண்டியை விடுபவர்கள் பூட்டு வைத்த கிளாம்ப் வாங்க வேண்டும்.

சட்டம், காப்பீடு பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறுவனமே அந்த மாடலுக்கென்று விற்கும் ஷீல்டை மாட்டினால் அந்த விவரங்கள் மாறுவதில்லை. ஆனால் ஹெட்லைட்டையோ இண்டிகேட்டரையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கிற எதையும் மாட்டக் கூடாது. சட்டகத்தில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. விலையுள்ள ஷீல்டு என்றால் பாலிசி புதுப்பிக்கும்போது மின்சாரம் சாராத துணைக்கருவியாக அறிவித்து மதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். அறிவிக்காததற்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. வாரண்டி உள்ள வண்டியில் வயரிங்கை வெட்டி ஒட்டுகிற கிட் எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டூரிங் வண்டிகளை ஒப்பிட்டு எழுதும்போது தங்கள் அட்டவணையில் சில கட்டங்களைக் கூடுதலாகச் சேருங்கள்: ஷீல்டு ஹேண்டிலில் நிற்கிறதா, ஃபோர்க்கிலா, சட்டகத்திலா, கழற்ற என்ன கருவி, எத்தனை நிமிடம், கழற்றியபின் எது மிஞ்சுகிறது, எத்தனை உயரங்களில் கிடைக்கிறது, பிளாஸ்டிக் தகடு மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன. இந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். ஒரு சின்னக் கல் தெறித்ததற்குக் கம்பி, கிளாம்ப் சகிதம் முழுக் கிட்டையும் வாங்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. அது அச்சில் வெளியே வந்தால்தான் மாறும். ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள் நம் ஊரிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன. தங்கள் செய்தியாளர்கள் கேட்டால் பதில் கிடைக்காத தூரம் இல்லை.

ஷோரூம்காரர்களுக்கும் ஒன்று. டெஸ்ட் ரைடு வண்டியில் ஷீல்டு மாட்டி ஒரு சுற்று, கழற்றி ஒரு சுற்று என்று ஓட்டக் கொடுங்கள். கேட்பவர் கண் முன்னாலேயே உங்கள் மெக்கானிக் கழற்றட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை வாங்குபவர் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அயனாவரம், சென்னை.